லீலாபாய் எடுத்த டிக்கெட்

“லீலா, பின்னால கேக்குதது சைரனா, குக்கரா?”

“ரெண்டும் ஆக்கும். நில்லுங்க, குக்கரை இறக்கிட்டு வாறேன்.”

பாறசாலையில், தன் வீட்டு முற்றத்தில் நின்ற ராஜதாஸ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். அவர் மனைவி லீலாபாய் ஒன்பது வருடமாகத் தூரதேசம் ஒன்றின் தலைநகரில் ஹோம் நர்ஸ். எண்பத்து மூன்று வயதான, நாதியற்ற ஒரு வெள்ளைக்கார மதாம்மாவைக் கவனித்துக்கொள்ளும் வேலை. அந்த ஊரில் போர் மூண்டு ஆறு வாரமாகிறது. டிவியில் அங்கே குண்டு விழும்போதெல்லாம் ராஜதாஸ் இங்கே தலையைக் குனிந்துகொள்வார்.

போனில் யாரோ படியிறங்கும் சத்தம். பிறகு மறுபடி லீலாபாய்.

“சொல்லுங்க. பங்கருக்கு வந்தாச்சு.”

“எட்டி, குண்டு விழும்போ எதுக்கு குக்கரைத் தூக்கிட்டு ஓடுத?”

“கீழ மதாம்மா போக பதினோரு கெழடுவ உண்டு, எல்லாம் இந்தக் கட்டடத்துல உள்ளவிய. மொதல்ல எல்லாம் ஒரே அழுகையும் கரச்சலும். ஒரு நாளு கஞ்சியும் பயறும் வச்சுக் குடுத்தேன், கரச்சல் நின்னு போச்சு. இப்ப சைரன் அடிச்சா, ‘லீலா வந்தாச்சா’ன்னுதான் கேக்குதாவ.”

“ஒனக்குப் பயமே இல்லியா?”

“காலையில பால் வண்டி வருது. பஸ் ஓடுது. பியூட்டி பார்லர் வரை தொறந்து கெடக்கு. சைரன் அடிச்சா இறங்குவாவ, நின்னா ஏறுவாவ. நம்ம ஊர்ல கரண்டு போயிட்டு வாறது மாதிரி ஆக்கும்.”

“எனக்கு அந்தக் கதையொண்ணும் கேக்காண்டாம். சபையில எல்லா ஞாயிறும் ஒனக்கு வேண்டி ஜெபம். எனக்கு உறக்கமும் இல்ல, ஊணும் இல்ல. இனியும் டிக்கெட் எடுக்கல்லேன்னா நானே அங்க வந்துருவேன், சொல்லிட்டேன்.”

லீலாபாய் குக்கர் மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“டிக்கெட் எடுத்தாச்சு,” என்றாள். “சனியாழ்ச்ச காலையில ஒன்பது மணிக்குத் திருவனந்தபுரத்துல பிளைட் இறங்கும். வண்டி கொண்டு வந்து நில்லுங்க.”

ராஜதாஸ் வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார். “கர்த்தாவே!” என்று மட்டும் வந்தது.

மறுநாளே உத்தரவுகள் வர ஆரம்பித்தன.

“கட்டிலைக் கீழ் ரூமுல போடுங்க. மாடி ஏற ஒக்காது.”

“ஏன், முட்டு வேதனையா?”

“சைரன் அடிக்குது, வைக்கேன்.”

அதற்கு மறுநாள்: “யூரோப்பியன் கக்கூஸ் வேணும். பக்கத்துல பிடிச்சு எழும்ப ஒரு கம்பியும். கறியில மொளகா காட்டவே காட்டாதீங்க. மீனுல ஒரு முள்ளு இருக்கப்பிடாது.”

நெத்தோலியைத் தலையோடு மென்று தின்கிறவளுக்கு முள் இல்லாத மீனா? ஆனாலும் ராஜதாஸ் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். கடைசி உத்தரவு வியாழக்கிழமை வந்தது.

“ராத்திரி படுக்கதுக்கு முன்னால வெந்நியில காலைக் கழுவி, தொடைச்சு, எண்ணெய் போட்டு விடணும்.”

“யாரு, நானா?”

“பின்ன யாரு? வீட்டுல வேற ஆளு உண்டா?”

பக்கத்து வீட்டில் இருக்கும் அக்கா புஷ்பபாய்க்கு இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரிப்பு.

“எலே தாசு, ஒன்பது வருஷம் மதாம்மாவைப் பாத்துப் பாத்து இப்ப ஒனக்க பெண்டாட்டியே மதாம்மா ஆயிட்டா. நல்லா காலு பிடிச்சு விடு!”

“பிடிச்சு விட்டா என்ன அக்கா? அவ காசுலதான் இந்த வீடே எழும்பி நிக்குது,” என்றார் ராஜதாஸ். சொன்னபின் அவருக்கே வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து கொத்தன் வந்து கக்கூஸை மாற்றிக் கம்பியும் பதித்தான். நெய்யாற்றின்கரையில் புது மெத்தை வாங்கினார். இத்தனை வருடம் அக்கா வீட்டில் சாப்பிட்டு, கட்டன் சாயாவைத் தவிர வேறெதுவும் அடுப்பில் வைத்தறியாத மனுஷன், மிளகாய் போடாத மீன்கறி வைத்துப் பழகினார். இரண்டு சட்டி அடிப்பிடித்தது, மூன்றாவது தேறியது. வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் தலைக்கும் மீசைக்கும் டை அடித்தார். காதோரமும் கொஞ்சம் கறுத்துவிட்டது.

சனிக்கிழமை எட்டு மணிக்கே வாடகைக் காரோடு விமான நிலையத்தில் நின்றார். கதவு திறக்கும்போதெல்லாம் எம்பிப் பார்த்தார். ஒரு குடும்பம் வந்தது, வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுதது. இன்னொரு கூட்டம் பெட்டி பெட்டியாகத் தள்ளிக்கொண்டு போனது. கூட்டம் வடிந்துவிட்டது. லீலாபாயைக் காணோம். கிளம்புகிற நேரத்தில் அங்கே ஏதும் ஆகிவிட்டதோ?

கடைசியாக, ஊழியர் ஒருவர் தள்ளிக்கொண்டு வந்த சக்கர நாற்காலி அவர் முன்னால் நின்றது. அதில் பஞ்சுத் தலையோடு வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி. கையிலிருந்த போட்டோவைப் பார்த்தாள், அவருடைய கறுத்த மீசையைப் பார்த்தாள், சந்தேகத்தோடு மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள்.

“ராயதாஸ்?”

அவர் தலையாட்டியதும் நான்காக மடித்த ஒரு காகிதத்தை நீட்டினாள். லீலாபாயின் கையெழுத்து:

“கோவப்படாதீங்க. முன்னாலயே சொன்னா சம்மதிக்க மாட்டீங்கன்னுதான் சொல்லல்ல. மதாம்மாவுக்கு நெஞ்சுக்கு சொகமில்ல, இனி ஒரு சைரன் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இங்க அந்தப் பதினோரு கெழடுவளையும் விட்டுட்டு வர எனக்கு மனசு வரல்ல. போர் தீந்த மறுநாளே வாறேன். அது வரைக்கும் மதாம்மாவுக்கு ஹோம் நர்ஸ் நீங்கதான்.”