குறை இருந்தால் கடைசியில்

"நடுவுல யாரும் குறுக்கே பேசாதீங்க. தப்பு ஏதாவது தெரிஞ்சா கடைசியில சொல்லுங்க" என்றபடி லிஃப்டிலிருந்து இறங்கி அறைக்குள் நுழைந்தார் கண்ணாடிக்காரர்.

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். மச்சானைக் காணோம். பயந்துவிட்டான் என்று கண்ணாடிக்காரர் மனதுக்குள் ஒரே குதியாட்டம்.

அவரும் மச்சானும் சேர்ந்து உருவாக்கிய கணினி மொழி. ப்ரோகிராம் ஓடும்போது பிழை வந்தால் அதை எப்படிப் பிடிப்பது என்பதில்தான் குடுமிப்பிடிச் சண்டை. வந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்ல வேண்டும் என்பது மச்சான் கட்சி. எல்லாவற்றையும் சேர்த்துக் கடைசியில் சொல்லலாம் என்பது இவர் கட்சி. இன்று இருவருமே பார்த்திராத ஒரு குழுவின் ஓட்டெடுப்பு. தோற்றால் மாமனார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மச்சானின் நக்கலைத் தாங்க வேண்டும்.

"பிழை வரத்தான் செய்யும். அதுக்காக நட்டநடுவுல நிக்கலாமா?"

"கூடவே கூடாது. அந்த அவஸ்தை எங்களுக்குத்தான் தெரியும்" என்றார் ஒரு வழுக்கைத்தலைக்காரர்.

குழு இவ்வளவு விவரமாக இருக்கும் என்று இவர் நினைக்கவே இல்லை. உற்சாகமாகப் பலகையில் நீளமாக ஒரு கட்டம் வரைந்தார். மேலே 'செய்' என்றும், கீழே, வரும் பிழைகளைப் பிடிக்க, 'பிடி' என்றும் எழுதினார்.

"பிடி கீழ ஒண்ணுதானா?" என்று கேட்டார் வழுக்கைத்தலைக்காரர்.

"ஒண்ணே போதும். எல்லாத்தையும் அதுவே தாங்கும்."

மூலையில் இருந்த அம்மாள் கையைத் தூக்கினார். "சார், ஒரு சின்ன விஷயம்..."

"கடைசியிலம்மா. எடுத்த வேலை முடியணும், அப்புறம்தான் குறை. என் மொழியோட அழகே அதுதான்."

"இல்ல சார், உங்களுக்கு நேரமாகுதேன்னு..."

"கடைசியில."

அம்மாள் தூக்கிய கையை இறக்கவில்லை.

"நடுவுல நிக்காம ஓடணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

அத்தனை கைகளும் உயர்ந்தன. மச்சானின் மூஞ்சியைப் பார்க்க வேண்டும் போலிருந்தது அவருக்கு.

"இப்பச் சொல்லுங்கம்மா, என்ன தப்பு?"

"லிஃப்டுல அஞ்சை அமுக்கினா நாலுலயே நின்னுடுது சார். அதுக்குத்தான் இந்தக் கூட்டம். உங்களை ரிப்பேர்காரர்னு நினைச்சுட்டாங்க. கம்ப்யூட்டர்காரங்க கூட்டம் மேல அஞ்சாவது மாடியில."

மேலே பலத்த கைதட்டல் கேட்டது. அதற்கு நடுவே மச்சானின் சிரிப்பு தனியாகக் கேட்டது.