பேச்சுத் துணை

"மாமு, இன்னிக்கு சங்கரா கூடை இன்னா வெலைக்குப் போயிருக்கும்?"

மனோகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் கைவீசி வேகமாக நடந்துகொண்டிருந்தான். கைக்கடிகாரத்தில் இதயத் துடிப்பு இப்போதுதான் ஏற ஆரம்பித்திருந்தது. இந்த நேரத்தில் மீன் விலை எதுக்கு?

"மூவாயிரம்."

"மொட்டையா சொல்லாத மாமு. எந்த போட்டு, யாரு எடுத்தது, முழுசா சொல்லு."

கூடவே நடந்து வந்த கிருஷ்ணப்பன் பக்கத்து வீட்டுக்காரன். காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிறவன். இருபது வருஷம் கத்திக் கத்தி, குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி ஆகிவிட்டது. ஒரு மாதமாக ஏலத்துக்கும் போகவில்லை. கேட்டால், "கொஞ்சம் ரெஸ்ட்டு மாமு" என்பான். ரெஸ்ட் எடுக்கிற லட்சணமா இது?

மனோகரனுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. இரண்டு மாதம் முன்பு நெஞ்சில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பத்தாம் தேதி டிரெட்மில் டெஸ்ட். தேறினால் மறுபடி கிரேன். இல்லையென்றால் கீழே நாற்காலி போட்டு கேட் சீட்டு எழுத வேண்டியதுதான். பதினைந்து வருஷம் உச்சியில் உட்கார்ந்தவனுக்கு அதைவிட அவமானம் உண்டா?

அந்தக் கவலையில் நடையை எட்டிப் போட்டான். மூச்சு வாங்கியது.

"உன் பொண்ணு எந்த காலேஜுல சேருது மாமு?"

பதில் வரவில்லை.

"நில்லு மாமு! செருப்பு வாரு அறுந்துகிச்சு."

தினமும் இதே கூத்து. ஒரு செருப்புக்கு எத்தனை வார்தான் இருக்கும்?

மூச்சு திரும்பியதும் மனோகரன் வெடித்தான். "உன்னாலதான்யா என் வேகமே கெடுது! வாய மூடவே மாட்டியா? நாளைலேர்ந்து என்கூட வராத!"

கிருஷ்ணப்பன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

மறுநாள் தனி நடை. தொல்லை விட்டது! நடை ஓட்டமானது. கடிகாரம் நூற்றைம்பது காட்டியது. மனோகரனுக்குக் குஷி.

கொஞ்ச தூரத்தில் கண் இருட்டியது. தடுமாறி கடலோரப் பாறையில் உட்கார்ந்தான்.

மீன் கூடையோடு வந்த கிருஷ்ணப்பனின் மனைவி ராஜாத்தி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

"பேச முடியலியா? பேசாத, அப்படியே குந்து. தண்ணி குடி."

பத்து நிமிஷத்தில் மூச்சு சீரானது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து உன்ன அனுப்பசொல்லோ அவரும் கூட இருந்தாரு, டாக்டரு சொன்னாரே, கேக்கலியா நீ? நடக்கசொல்லோ பேச வரணும், பேச்சே வரலேன்னா வேகம் ஜாஸ்தி, உடனே நிக்கணும்னு. நீ கேக்கமாட்டேன்னுதான் எங்க வூட்டுக்காரரு உன்ன வுடாம பேச வெச்சுகினு இருந்தாரு."

மனோகரனுக்கு செருப்பு வார் ஞாபகம் வந்தது. ராஜாத்தியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவன் எங்கம்மா? நேத்து கண்டபடி திட்டிட்டேன். கோவமா இருக்கானா?"

"அதெல்லாம் தெரியாதுண்ணா. வூட்டுல எல்லாமே சிலேட்டுல எழுதித்தான் காட்டுவாரு. தொண்டையில கட்டி. ரெண்டு மாசம் வாயே தொறக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதான் ஏலத்துக்கே போவல" என்றாள் ராஜாத்தி. "உன்கூட நடக்கசொல்லோ மட்டும்தான் பேசுவாரு."