சுவரோரம் ஒரு செண்டை மேளம்

“துக்க வீட்டுச் சுவரை ஒட்டிச் செண்டை மேளமா? அந்தப் புள்ளைய நீ காலி பண்ணச் சொல்றியா, இல்ல நானே வந்து சாமானைத் தூக்கி வெளிய வைக்கவா?”

வாசலில் நின்று ஒச்சாண்டி போட்ட சத்தத்தில் அக்கம்மாள் அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

ஒச்சாண்டியின் தம்பி இறந்து மூன்று மாதம்தான் ஆகிறது. தம்பி பெண்டாட்டி இருளம்மாள் பக்கத்து வீடுதான். வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டில் பாட்டு கிடையாது, டிவி கிடையாது. ஓடைப்பட்டியில் அவர்கள் வகையறாவில் அதுதான் வழக்கம்.

அந்த வீட்டுக்கும், அக்கம்மாள் வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கும் நடுவே ஒரே கொல்லைச் சுவர். வாடகை வீட்டில் குடியிருந்தவள் ஷீபா. போடிக்காரி. புருஷன் கேரளாவுக்குத் திராட்சை லோடு ஓட்டுகிறவன். சாயங்காலம் ஆனால் போதும், கொல்லையில் ஸ்பீக்கரை வைத்து யூட்யூபில் ஏதாவது ஒரு கச்சேரியைப் போட்டுவிடுவாள்.

“நான் சொல்லிப்புடுறேண்ணே. நீங்க கோவப்படாமப் போங்க.”

அவர் போய்விட்டார். அக்கம்மாளுக்குத்தான் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொன்னால் அந்தப் பெண் அழுதுவிடுவாளோ? சொல்லாவிட்டால் இவர் ஆள் கூட்டி வந்துவிடுவாரோ? வாய்க்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டே கொல்லைப் பக்கம் போனாள்.

“அக்கா! சரியான நேரத்துக்கு வந்தீக! இங்கன உக்காருங்க, இங்கன!” ஷீபா துள்ளி வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

“நான் ஒரு விஷயம்...”

“விஷயமெல்லாம் அப்புறம்க்கா. இந்தப் போனைப் பாருங்க. எல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக. பொம்பளப் பிள்ளைக! முதல்ல மெதுவாத்தான் இருக்கும். இருங்க... இருங்க... இப்ப!”

சுருளி அருவியில் புது வெள்ளம் இறங்கியதுபோல இருந்தது. அத்தனை செண்டையும் ஒரே அடி!

“நடுவுல நிக்கிறாளே குட்டை, அவளைக் கவனிங்க. சிரிச்சுக்கிட்டே அடிக்கிறா!”

“ஏத்தா, கை வலிக்காதா அதுக்கு?”

“வலிச்சா இப்படிச் சிரிப்பாளா? கீழ கமெண்ட்ல ஒரு ஆளு எழுதியிருக்கதைப் பாருங்க. ‘எங்க ஆஸ்பத்திரி வார்டே கட்டில்ல தாளம் போடுது’ன்னு!”

அக்கம்மாளின் விரலும் துவைகல்லில் தாளம் போட்டுக்கொண்டுதான் இருந்தது.

“அடுத்தது நாதஸ்வரம். கோயில்ல இல்லக்கா, ரயில்வே ஸ்டேஷன்ல! ரயில் லேட்டுன்னதும் உறையிலருந்து உருவி ஊத ஆரம்பிச்சிட்டாரு. மூச்சு எங்கனதான் விடுறாருன்னு நேத்துலருந்து தேடுறேன், பிடிபடவே மாட்டேங்குது!”

அக்கம்மாளும் கழுத்தை நீட்டித் தேடினாள். “அந்தா விட்டாக... இல்ல இல்ல, இன்னும் இழுக்குறாக!”

“ரயிலு வந்து நிக்குது, ஒருத்தராவது ஏறுறாகளா பாருங்க!”

அக்கம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் சுவர் கண்ணில் பட்டது. படக்கென்று எழுந்தாள்.

“சத்தத்தைக் குறை, ஷீபா! சர்ச்சுக்குப் போற வேதக்காரக வீட்டுல எப்படியோ, எங்க வழக்கம் வேற. அங்கன ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கா. உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா? வீட்டுக்குள்ள வச்சுக் கேட்டா என்ன? காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டா என்ன?”

ஷீபாவின் முகம் வாடிவிட்டது. “கொல்லையில வச்சுக் கேட்டாத்தான்க்கா நல்லா இருக்கு” என்றாள் மெதுவாக.

“அப்பச் சரி, வீட்டைக் காலி பண்ணிரு ஆத்தா. ஒச்சாண்டி அண்ணன் ஒத்தக் கால்ல நிக்கிறாக.”

அழுவாள் என்று நினைத்தாள். சண்டைக்கு வருவாள் என்றும் நினைத்தாள். ஷீபா உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

“சரிக்கா. அவுக லோடு இறக்கிட்டு வரட்டும். வேற வீடு பாத்துக்கிறோம்.”

தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை வந்ததா? என்ன நெஞ்சழுத்தம்! அக்கம்மாள் பொருமிக்கொண்டே இருளம்மாள் வீட்டுக்குப் போனாள். அவள் பின்வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“இருளு, இனிமே உனக்கு அந்தத் தொல்லை இல்ல. காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

இருளம்மாளின் கை நின்றுவிட்டது. “யாரை? ஷீபாவையா?”

“பின்ன? எத்தனை நாளு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்தியோ, பாவம்.”

“அவ ஒண்ணுமே சொல்லலையாக்கா?”

“எதுத்து ஒரு வார்த்தை பேசல. அழுத்தக்காரி.”

இருளம்மாள் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. மொச்சைத் தட்டைத் தள்ளிவிட்டு அக்கம்மாளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“வீடு என்னைய முழுங்க வந்துச்சுக்கா. இங்கன நான் பாட்டுப் போட்டாத்தானே தப்பு, நீ அங்கன சத்தமாப் போடு, என் பேரை மட்டும் வெளிய விட்டுறாதன்னு நான்தான் அந்தப் புள்ளகிட்டச் சத்தியம் வாங்கினேன்!”