விட்டுப்போன ‘து’

இதைச் சரியாகச் சொல்லி முடிப்பேனா என்று பயமாக இருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுதும்போது எழுத்து விட்டுப்போகும். பேசும்போதும்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில், இருபத்தேழாம் வருஷம் வீரம்மா செய்த காரியத்தைக் கேளுங்கள்.

அவள் புருஷன் நாகையாவைக் கொன்றதற்காக, கூட வேலை பார்த்த தம்புசாமிக்குத் தூக்கு என்று கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. பெண்டாட்டி என்ன செய்வாள்? சாமிக்குச் சூடம் கொளுத்துவாள். இவள் காதில் கிடந்த தோட்டை விற்று, தம்புசாமிக்காக அப்பீல் போட வக்கீல் வைத்தாள்!

காப்பார் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் எல்லா லயத்து வீட்டிலும் இதே பேச்சு.

“புருஷன் போய் நாலு மாசம் ஆகல. அதுக்குள்ள கொன்னவன் மேல இவளுக்கு என்னடி கரிசனம்?” என்று குழாயடியில் கேட்டேன். அவள் காதில் விழும்படிதான்.

வீரம்மா குடத்தை இறக்கி வைத்தாள்.

“இராஜம்மாக்கா, அப்பீலுக்கு உங்களையும் கூப்பிடுறாங்க. நல்ல சேலையா எடுத்து வச்சுக்குங்க.”

தம்புசாமிக்குத் தூக்கு வாங்கிக் கொடுத்த சாட்சியே நான்தான்.

கோர்ட்டில் நான் சொன்னது இவ்வளவுதான்: அன்றைக்குக் காலையில் தம்புசாமி பால் வாளியோடு வந்தான். “நாகையாவையும் நானே வெட்டிட்டேன்” என்றான். மத்தியானம் நாகையா பள்ளத்தில் மண்டை பிளந்து கிடந்தான்.

கள்ளு போதையில் கல்லில் விழுந்தாலும் மண்டை அப்படிப் பிளக்கும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. என் கதை அதைவிட நன்றாக இருந்தது.

அப்பீலுக்குக் கிள்ளானில் ரயில் ஏறினோம். வீரம்மா எனக்கு எதிரிலேயே வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, அன்னைக்குக் காலையில என் வாசல்ல வந்து என்ன சொன்னீங்க?”

“எனக்கு எங்க ஞாபகம்?”

“எனக்கு இருக்கு. ‘உன் வீட்டுக்காரன் குடிச்சுட்டுக் கிடக்கான். நாகையாவுதையும் நானே வெட்டிட்டேன்னு தம்புசாமி சொல்லிட்டுப் போறான். உனக்கு வெக்கமா இல்ல?’ன்னு கேட்டீங்க.”

எங்கள் தோட்டத்தில் வெட்டு என்றால் பால்மரம் வெட்டுவதுதான், பால் இறங்க ரப்பர் மரத்தைக் கீறுவது. நாகையாவுக்குக் கொடுத்த மரங்களையும் சேர்த்துத் தானே வெட்டிவிட்டதாகத்தான் தம்புசாமி சொன்னான். ‘நாகையாவுதையும்.’

சத்தியமாக நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. பிணத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒவ்வொரு வீடாகச் சொல்லும்போது அந்த ‘து’ எங்கேயோ விழுந்துவிட்டது. ‘து’ இல்லாமல் சொன்னால் எல்லோரும் நெஞ்சில் கை வைத்தார்கள். ‘து’வோடு சொன்னால் யார் நின்று கேட்பார்கள்? போலீஸ் வந்தபோது ‘து’ இல்லாத கதைதான் என் வாயில் இருந்தது. தம்புசாமி கத்திக் கத்திச் சொல்லிப் பார்த்தான். கழுத்துக்குக் கயிறு வந்தால் எவனும் அப்படித்தான் சொல்வான் என்று விட்டுவிட்டார்கள்.

“எங்க வீட்டு அடுப்பு எரியணும்னு ரெண்டு பேர் மரத்தையும் வெட்டின மனுஷன்க்கா அவரு,” என்றாள் வீரம்மா. “பொய்ச் சாட்சிக்கு எத்தனை வருஷம் ஜெயில்னு வக்கீல்கிட்ட கேட்டேன்.”

“என்னை உள்ள தள்ளத்தான் தோட்டை வித்தியாடி?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரயில் பிரிக்பீல்ட்ஸ் தாண்டும்போது குதித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சேலை நல்ல சேலை.

கோர்ட்டில் மூன்று வெள்ளைக்கார நீதிபதிகள். அந்த வெயிலிலும் தலையில் பொய்மயிர். மூன்று பேருமாகச் சேர்ந்து என்னுடைய ஒரு ‘து’வைத் தேட உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் வீரம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். என்னைக் காட்டிக் கொடுக்கப் போகிறாள்!

“தம்புசாமி அண்ணன் அன்னைக்கு என் வாசல்லயும் நின்னு சொன்னாருங்க. ‘நாகையாவுதையும் நானே வெட்டிட்டேன்’னு. முதல் கேஸ்ல என்னை யாரும் கேக்கலைங்க,” என்றாள்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வாசலில் நின்று சொன்னவள் நான். என்னை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தம்புசாமியை நிறுத்திவிட்டாள்.

“அப்படியானால் இராஜம்மா பொய் சொல்கிறாரா?” என்று நீதிபதி கேட்டதை, துபாசி தமிழில் சொன்னார்.

“ஐயோ, இல்லைங்க! அக்கா பொய்யே பேசமாட்டாங்க. பாவம், அவங்களுக்குப் பத்து வருஷமாக் காது மந்தம். நடுவுல ஒரு எழுத்து ரெண்டு எழுத்து விழாது. எங்க லயத்துல எல்லாருக்கும் தெரியும்.”

எனக்கா? எனக்கா காது மந்தம்? நாலு வீடு தள்ளிப் புருஷனும் பெண்டாட்டியும் முணுமுணுத்தால் என்ன சண்டை என்று சொல்லிவிடுவேன்! வாயைத் திறந்தேவிட்டேன்.

அப்போதுதான் தம்புசாமி கண்ணில் பட்டான். கைதிக் கூண்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

துபாசி என் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில் கேட்டார்:

“அம்மா, அவங்க சொல்றது உண்மையா? உங்களுக்குக் காது கேக்காதா?”

ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, அவர் பக்கம் சாய்ந்து, “என்னது?” என்றேன்.

தம்புசாமி அடுத்த வாரமே மரம் வெட்டத் திரும்பிவிட்டான். எனக்குத்தான் அன்றிலிருந்து காது கேட்பதில்லை.