நீங்கள் இருப்பது இங்கேதானா?

செயலாளர் டேபிள் டென்னிஸ் மேசையின் மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார். வேறு யாராவது அப்படி உட்கார்ந்திருந்தால் கிளப்பை விட்டே விலக்கியிருப்பார்.

விலக்குவதற்கு ஆள் வேண்டுமே.

மொத்தம் நான்கு பேர். தலைவர், துணைத்தலைவர், பொருளாளர், இவர். சாதாரண உறுப்பினர் என்று ஒருவர்கூடக் கிடையாது.

மாதக் கடைசிக்குள் புது ஆட்கள் சேராவிட்டால் கூடத்தை நடன வகுப்புக்கு விட்டுவிடப்போவதாகக் கட்டட உரிமையாளர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து செயலாளர் தூக்கத்தில்கூட சர்வீஸ் போட்டு, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் மூக்கைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே நம்பிக்கை, கிளப்பின் வலைத்தளம். போன வருடம் அவரே கைப்பட உருவாக்கியது. ஆள் வரவில்லை என்றதும் நிறத்தை மாற்றினார். எழுத்தைப் பெரிதாக்கினார். தான் வென்ற கோப்பைகளையெல்லாம் வீட்டு அலமாரியிலிருந்து இறக்கிப் படமெடுத்து வரிசையாகப் போட்டார்.

அப்போதுதான் இரண்டு மூன்று கோப்பைகள் நசுங்கியிருப்பதைக் கவனித்தார். தூசி தட்டும்போது விழுந்துவிட்டனவாம். மனைவி சொன்னாள்.

கோப்பைகளைப் போட்ட பிறகும் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

வேறு வழியில்லாமல், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மைத்துனனைக் கிளப்புக்கே வரவழைத்திருந்தார். அவன் செல்போனில் வலைத்தளத்தைத் திறந்து உதட்டைப் பிதுக்கினான்.

"என்ன மாமா இது, பாத்திரக்கடை மாதிரி? இத்தனை கோப்பையைப் பாத்தா, புதுசா வர்றவன் வாசலோட திரும்பிடுவான்."

"வாசல் வரைக்குமே ஒருத்தனும் வரலியே மாப்ள!"

புதியவர்கள் விஷயத்தில் செயலாளர் எப்போதுமே இளகிய மனசுக்காரர். கல்யாணமான புதிதில் மனைவி தானும் ஆட வருவதாகச் சொன்னபோது, 'வேண்டாம்மா, ஒண்ணும் தெரியாம வந்து நின்னா எல்லாரும் சிரிப்பாங்க' என்று அக்கறையோடுதான் தடுத்தார். அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவரும் அதை அத்தோடு மறந்துவிட்டார்.

மைத்துனன் எதையோ அழுத்தினான். புருவத்தை உயர்த்தினான்.

"நிறைய பேர் பாத்திருக்காங்க மாமா. வழி கேட்டுக்கூட அழுத்தியிருக்காங்க. கண்டிப்பா கிளம்பி வந்திருப்பாங்க."

"வந்தவங்க எங்கடா போனாங்க?"

மைத்துனன் வரைபடத்தைப் பெரிதாக்கி நீட்டினான். கிளப்பைக் காட்டவேண்டிய சிவப்புப் புள்ளி, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் தலையில் நின்றது. மொட்டைமாடியில் நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த வீடு. அந்தத் தொட்டி அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் அக்கா வீட்டுத் தொட்டி.

செயலாளருக்கு ஞாபகம் வந்தது. வலைத்தளம் தொடங்கிய அன்று வீட்டில் பனியனோடு சாய்ந்து கிடந்தபோது, செல்போன் அவரைக் கேட்டது: 'நீங்கள் இருப்பது இங்கேதானா?'

கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லலாமா? 'ஆம்' என்று அழுத்தியிருந்தார்.

ஒரு கிளப்பின் செயலாளர் தெருவில் ஓடக் கூடாது. ஆகவே, கிட்டத்தட்ட ஓடினார். பாவம், ஆசையோடு வந்தவர்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்களோ, மனைவி வாயில் விழுந்து திரும்பினார்களோ. ஒருநாள் மாலைகூடத் தான் வீட்டில் இருந்ததே இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

வீட்டு வாசலில் கால் வைக்க இடமில்லை. அவ்வளவு செருப்பு.

உள்ளே டொக், டொக் என்று சத்தம். நடுவில் ஒரு டங். கூடவே ஒரு கூட்டச் சிரிப்பு.

சாப்பாட்டு மேசை கூடத்தின் நடுவுக்கு வந்திருந்தது. அதன் குறுக்கே, வலைக்குப் பதிலாக, அவருடைய கோப்பைகள் வரிசைகட்டி நின்றன. சுவரோரம் முன்பின் தெரியாத முகங்கள், கைகளில் அவர் எப்போதோ தூக்கிப்போட்ட பழைய மட்டைகள். கைத்தடியைச் சோபாவில் சாய்த்துவிட்டு ஒருவர் தன் முறைக்காகக் குதித்துக்கொண்டிருந்தார்.

மேசையின் மறுமுனையில் மனைவி. கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு ஒரு சர்வீஸ் போட்டாள். பந்து கோப்பைகளை உரசாமல் தாண்டி, விழுந்த இடத்திலிருந்து சம்பந்தமே இல்லாத பக்கம் துள்ளியது.

இத்தனை வருடத்தில் செயலாளர் அப்படியொரு சர்வீஸ் போட்டதில்லை.

நர்ஸ் உடையிலேயே வந்திருந்த ஒரு பெண் நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள்.

"கிளப்புக்குத்தானே? வாங்க சார். இன்னைக்குத்தான் முதல் நாளா?"

செயலாளர் அவள் விட்ட இடத்தில் போய் நின்றார்.

மனைவி பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவர் புதுசு" என்றாள். "யாரும் சிரிச்சுடாதீங்க."