பழசு எங்கே?

"பழசு எங்கேம்மா?" என்றார் ஒத்தோனியேல்.

"குப்பையில போட்டுட்டேன் ஐயா." மெக்கானிக் நோஎமி தலையை நிமிர்த்தவில்லை.

ஒத்தோனியேலுக்குச் சுருக்கென்றது. மெதெயின் நகரத்தில் அந்தப் பட்டறைத் தெரு முழுவதற்கும் ஒரே வழக்கம். வண்டியில் எதைக் கழற்றினாலும், பழையதைப் பையில் போட்டுச் சொந்தக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். புதுசு மாட்டியதற்கு அதுதான் சாட்சி. அதைக் கொடுக்காத பட்டறைப் பக்கம் மறுபடி யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அப்போதுதான் ஜாக்கியிலிருந்து இறங்கியிருந்தது. நாளைக் காலையில் அது ஒத்தோனியேலுடையது. மலை மேல் பூ வளர்த்து விற்றுச் சேர்த்த பணம். "இருக்கறதே ரெண்டு சீட்டு. பூவை எங்கே வைப்பே, என் மடியிலயா?" என்று மனைவி கேட்டும் அவர் அசையவில்லை.

ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். முன் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது, புதுசு மாட்டித் தர வேண்டும். அவர் வீட்டிலிருந்து ஊருக்கு இறங்கும் சாலை ஒரே சரிவு. பிரேக் பிடிக்கவில்லை என்றால் அடுத்தது பள்ளத்தாக்குதான்.

காரை விற்பவர் பெயர் உர்ரியாகோ. எந்த வைத்தியமும் தெரியாது. ஆனால் கோட் போட்டவர், அதனால் தெருவே அவரை 'டாக்டர்' என்று கூப்பிட்டது. நிபந்தனைக்கு மறுபேச்சுப் பேசாமல் ஒப்புக்கொண்டார்.

"புது பேட் வந்த அட்டைப் பெட்டியைக் கிழிச்சிடாதே, எனக்கு வேணும்" என்று மட்டும் நோஎமியிடம் சொன்னார்.

பெட்டியைக்கூட வீணாக்காத மனுஷன், வண்டியை எப்படி வைத்திருப்பார் என்று ஒத்தோனியேல் பூரித்துப் போயிருந்தார்.

"குப்பையிலயா?" டாக்டர் இப்போது எகிறினார். "என் பொருளைத் தூக்கிப் போட நீ யாரு?"

"தேஞ்சு இரும்பே தெரியுது டாக்டர். அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சட்டம் போட்டு நடு வீட்டுல மாட்டுவேன். உனக்கென்ன?"

வாசலில் காபி விற்றுக்கொண்டிருந்தவன் பிளாஸ்க்கும் கையுமாக எட்டிப் பார்த்தான். "புதுசு மாட்டவே இல்லையோ என்னமோ! மாட்டியிருந்தாத்தானே பழசு வரும்?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

ஒத்தோனியேல் மண்டியிட்டுச் சக்கரக் கம்பிகளின் இடைவெளியில் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தார். இரண்டிலும் புதுசுதான்.

"மாட்டியிருக்கு" என்று எழுந்தார். "அப்ப பழசை ஏம்மா குடுக்க மாட்டேங்கறே?"

"நான் சொல்றேன் கேளுங்க" என்றார் டாக்டர். "துடைச்சு மெருகு போட்டு, புதுசுன்னு எவனாவது ஏமாந்தவன் தலையில கட்டுவாங்க. அவன் சரிவுல உருண்டு செத்தா இவங்களுக்கென்ன? மனசாட்சின்னு ஒண்ணு வேண்டாமா?"

ஒத்தோனியேலுக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத ஒருவனுக்காக இப்படிக் கொதிக்கிறாரே! இவரிடம் கார் வாங்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மேஜை மேல் கிடந்த எண்ணெய்த் துணி ஒரு பக்கம் மேடாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. போய்த் தூக்கினார். அடியில் நாலு பழைய பேட்.

"இதோ இருக்கு குப்பை!" என்று கத்தினார். "வாய் கூசாமப் பொய் சொல்றியே! அடுத்தவன் உயிர்ல பிழைக்கறதுக்குப் பேசாம பிச்சை எடுக்கலாம்!"

நோஎமியின் முகம் சிவந்தது. அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் நின்ற டாக்டரைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"இப்பக் குடுக்கறியா, தெருவையே கூட்டட்டுமா?" என்று ஒத்தோனியேல் மிரட்டினார்.

"தர்றேன் ஐயா."

நோஎமி நாலையும் எடுத்துக்கொண்டாள். ஒன்றை மேஜையில் பொருத்தியிருந்த இடுக்கியில் வைத்து இறுக்கி, உளியை நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டாள். தகட்டில் தேயாமல் ஒட்டியிருந்த மிச்சமும் பெயர்ந்து தூள் தூளாகச் சிதறியது.

"ஏய்! ஏய்! என்ன பண்றே?"

"யார் தலையிலும் கட்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க டாக்டர்?" அடுத்தது உடைந்தது.

"நிறுத்துடி! அது என் பொருள்!"

டாக்டர் பாய்ந்து அவள் கையைப் பிடிப்பதற்குள் நாலும் போய்விட்டது. துண்டுகளை வாரிப் பையில் போட்டு நீட்டினாள்.

"உடைச்சது நல்லதுதானே டாக்டர்?" என்றார் ஒத்தோனியேல்.

டாக்டர் பையை வாங்கவில்லை. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவுக்குப் போனார்.

"பழசைக் கேட்டு அந்தக் குதி குதிச்சாரு. இப்ப எடுக்காமப் போறாரே?" என்றார் ஒத்தோனியேல்.

"நீங்க ஏன் ஐயா வண்டியை இன்னைக்கே எடுத்துக்கலே?" என்றாள் நோஎமி.

"ஆசையா வச்சிருந்த வண்டி, கடைசியா ஒரு ராத்திரி எங்கிட்டயே இருக்கட்டும்னு கேட்டாரு. பாவம்."

"போன மாசம் வித்த வண்டிக்கும் அப்படித்தான் கேட்டாரு."

அவள் மேஜை மேல் கிழியாமல் இருந்த அட்டைப் பெட்டியைக் கீழே போட்டுக் காலால் நசுக்கினாள்.

"அதை வாங்கின பையன் மூணே நாள்ல சுவத்துல மோதி, காலை ஒடிச்சுக்கிட்டான். வண்டியை இங்கேதான் இழுத்துட்டு வந்தாங்க. சக்கரத்தைக் கழட்டினேன். நான் மாட்டின புதுசைக் காணோம். உள்ளே இருந்தது, நான் பச்சைப் பெயின்ட்ல குறி வச்சு, பையில போட்டு, டாக்டர் கையில குடுத்த அதே பழசு."