முடிச்சில்லாத தையல்

"பழைய வேட்டி எதுனா இருக்குதாம்மா? நைஞ்சிருந்தாலும் குடு. புதுசு வாணாம்."

பக்கத்து வீட்டுச் செல்வநாயகி இப்படிக் கேட்டு வந்து நின்றபோது கவிப்ரியாவுக்கு எட்டாம் மாதம். கணவன் ராஜ்மோகனுக்கு விருத்தாசலம் ஜங்ஷனில் வேலை கிடைத்து, இருவரும் குடிவந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. பாத்திரங்களை மூட்டை கட்டி வந்த இரண்டு வேட்டிகளை அவிழ்த்துக் கொடுத்தாள்.

செல்வநாயகி வீட்டுக் கொடி நிறைய வெள்ளைத் துணிகள் காய்ந்தன. மகளுக்குப் பிரசவம் ஆகியிருக்கும் என்று கவிப்ரியா நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் செல்வநாயகி வாசலில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். வெந்நீரில் போட்டு அலசி உலர்த்திய வேட்டி. குழந்தைக்கு எட்டுத் துணி வரவேண்டியதை இரண்டாகத்தான் கிழித்திருந்தாள். தாராளக் கைதான் என்று கவிப்ரியா மனதுக்குள் சிரித்துக்கொண்டாள்.

சட்டைக்குப் பொத்தான் தைக்கவே போனில் வீடியோ தேடுகிற பெண் இவள். சும்மா இருக்காமல், நூலில் ஏன் முடிச்சுப் போடவில்லை என்று கேட்டுவைத்தாள்.

"முடிச்சு உறுத்தும்மா. மடிப்பும் வெளிப்பக்கம் வரணும். கடையில விக்கிறத போட்டுத்தான் இடுப்புல புண்ணாயிடுச்சு."

புண் ஆறவே மாட்டேன் என்கிறதாம். இன்னும் ஆழமாகிவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பீங்கான் பட்டறை வேலையை விட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்கவைத்துத் துணி மாற்றுகிறாள். சொல்லும்போதே கண் நிறைந்து, ஊசி எங்கே குத்துகிறது என்று தெரியாமல் நிறுத்திவிட்டாள்.

கவிப்ரியாவின் கை தானாகத் தன் வயிற்றுக்குப் போனது. கேட்கவே பயமாக இருந்தது. வாங்கியது மட்டமான சரக்காக இருக்கும் என்று தோன்றியது. உள்ளே போய், தன் குழந்தைக்கென்று ஆசையாக வாங்கி வைத்திருந்த உசத்தியான டயப்பர் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள். பஞ்சு மாதிரி இருக்கும், பிஞ்சுத் தோலை ஒன்றும் செய்யாது என்றாள்.

செல்வநாயகி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். மேலே அச்சடித்திருந்த குழந்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு கவிப்ரியாவிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது பத்தாதும்மா. பைக்குலேர்ந்து வுழுந்து கெடக்குற எம்மவனுக்கு இருபத்தாறு வயசு."